பதினைந்தாம் நாள் காலைக் கூழ்

இதை ஒரு சமையல் குறிப்பாகத்தான் எழுத உட்கார்ந்தேன். வெயில் காலத்தில் அடுப்பு மூட்டாமல் ஐந்து நிமிஷத்தில் காலைச் சாப்பாடு செய்வது எப்படி என்று. இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேர் என்னைப் போலத்தான், வீட்டிலேயே முதன்முதலாகப் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். முப்பதைத் தாண்டிவிட்டோம். நம் பிள்ளைகளுக்கு இட்லி ஆறிவிட்டால் தொண்டையில் இறங்குவதில்லை. நமக்கோ ஆறியதுதான் சாப்பாடு. முந்தின நாள் சாயங்காலம் கிண்டிய கேழ்வரகுக் கூழ், கரைக்கக் கொஞ்சம் மோர், தொட்டுக்கொள்ளத் தோட்டத்தில் அன்றைக்கு எது கிடைக்கிறதோ அது.

எங்கள் வீட்டில் தொட்டுக்கொள்வதற்கு 'நசுக்கு' என்று பெயர். சித்தப்பா வைத்த பெயர். நாட்டுத் தக்காளி நான்கு, காம்புப் பக்கம் பச்சை மாறாததாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். பச்சை மிளகாய் இரண்டு. வெங்காயத்தைத் தாளோடு பிடுங்கி மண்ணை உதற வேண்டும். சித்திரையானால் அணில் கடிக்காத மாங்காய்ப் பிஞ்சு ஒன்று. எல்லாவற்றையும் கிணற்றடியில் கிடக்கும் சின்னக் கல்லுரலில் போட்டு, உப்புச் சேர்த்து, நான்கு இடி. ஐந்தாவது இடி இடித்தால் கெட்டது. தக்காளி தண்ணீராகிவிடும்.

நான் எண்ணி எண்ணி இடிப்பதைப் பார்த்து சித்தப்பா சிரிப்பார். "டேய் படிப்பாளி, நசுக்குறதுக்கும் கணக்கு போடுவியா? ஸ்கேல எட்த்தாந்து தக்காளிய அளந்து பாரேன்."

"உங்கள அளக்க ஸ்கேலு ஒண்ணே போதும்" என்பார் சித்தி உள்ளேயிருந்து. சித்தப்பா குள்ளம். விளக்கு மாடத்துக்கு எட்டி எண்ணெய் ஊற்ற முக்காலி தேடுகிறவர்.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற சாலையில், பஸ் முனகிக்கொண்டு மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னால். பின்பக்கம் கிணறு, கிணற்றை ஒட்டிப் பத்துப் பாத்தி. அதற்கப்பால் ஒரு படல், படலைத் தாண்டினால் கரடு, கரடு ஏறினால் கல்வராயன் மலை. நிலம் அப்பாவுடையது என்றால் அந்தப் பத்துப் பாத்தியும் சித்தப்பாவுடையது. அப்படித்தான் எல்லோரும் சொல்வார்கள்.

அவர் தண்ணீர் விடுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மண்ணெண்ணெய் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டு வைத்திருந்தார். தொட்டியில் முக்கி எடுத்தால் மழை போல விழும். பாத்தியின் ஒரு முனையில் ஆரம்பித்துப் பின்பக்கமாகவே நடந்துபோவார். ஈர மண்ணை மிதிக்கக் கூடாது என்பார். அதனால் அவர் காலடித் தடத்தை அவர் டின்னே அழித்துக்கொண்டு வரும். முடித்ததும் டின்னைப் படலோரத்து முருங்கை மரத்துக் கிளையில் மாட்டிவிடுவார். அது வெகுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், மாசி மாதம், அவர் அப்படித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோதுதான் அவிழ்த்து விட்டிருந்த காளை கால் சறுக்கிக் கிணற்றில் விழுந்தது. தூக்கி எடுப்பதற்குள் செத்துவிட்டது. அப்பா ஊர்க்காரர்கள் முன்னால் செருப்பைக் கழற்றி அவரை அடித்தார்.

"மாடு சாவுது, நீ தக்காளிக்குத் தண்ணி ஊத்திக்கினு கீறியா? போடா. எங்கனா போய்ச் சாவு. இந்த வாசல மிதிச்ச, நான் உனுக்கு அண்ணன் இல்ல."

சித்தப்பா தோளில் கிடந்த நீலத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, படலைத் திறந்து, கரட்டின்மேல் ஏறிப் போனார். மறுபடி படலைச் சாத்திவிட்டுத்தான் போனார். ஆடு நுழைந்துவிடக் கூடாதே என்று.

இரண்டு நாளில் வந்துவிடுவார் என்று அம்மா சொன்னார். பங்குனி முடிந்தும் வரவில்லை. சித்தியும் அம்மாவும் மாறி மாறித் தண்ணீர் விட்டார்கள்.

சித்திரை பிறந்த சில நாளில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. மலையில் ஓர் ஓடையில் பிணம் கிடக்கிறது, உங்கள் ஆளா என்று பாருங்கள் என்றார்கள். அப்பா போனார். மறுநாள் திரும்பியபோது கையில் ஒரு நீலத் துண்டும் ஒரு காகிதமும் இருந்தன. அங்கேயே புதைத்துவிட்டார்களாம்.

"மொகம் பாக்குற மாதிரி இல்ல" என்றார் அப்பா. "துண்ட பாத்தேன். அவன்தான்."

அந்த நீலத் துண்டைக் கள்ளக்குறிச்சி பாய் கடையில் நூறு பேராவது வாங்கியிருப்பார்கள். அன்றைக்கு யாரும் அதை நினைக்கவில்லை. 'போய்ச் சாவு' என்று சொன்ன வாய்க்கு, செத்துவிட்டான் என்று நம்புவது சுலபமாக இருந்தது போலிருக்கிறது. அப்பா அழுத அழுகையை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

பதினாறாம் நாள் கருமாதி என்று முடிவானது. அன்றைக்குத்தான் சித்தியின் தாலியைக் கழற்றுவார்கள். அதுவரை அவர் நடு அறையை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதிலிருந்து தோட்டம் தெரியாது. பக்கத்துச் சந்துதான் தெரியும். நான் அந்தச் சந்தில் நின்று அவருக்குக் கூழ் கொடுப்பேன். பாதி நாள் செம்பு அப்படியே திரும்பி வரும்.

செத்தவர் கையால் வைத்த தோட்டம் என்று யாரும் பாத்திப் பக்கம் போகவில்லை. மூன்று நாளில் கத்தரி இலைகள் தொங்கிவிட்டன. வெள்ளரிக் கொடி சுருண்டது. நான்காம் நாள் காலை அம்மா சாணி தெளிக்கப் பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நானும் போய்ப் பார்த்தேன்.

பத்துப் பாத்தியும் நனைந்திருந்தது. மழை பெய்தது போல, புள்ளி புள்ளியாக. வாசலில் மழை இல்லை. கூரையில் இல்லை. பாத்தியில் மட்டும். இலைகள் நிமிர்ந்து நின்றன. முருங்கைக் கிளையில் டின் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா குனிந்து குனிந்து தேடினார். ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"கால் இல்லாத ஆளுதான் வந்துட்டு போயிருக்குது" என்றார் அம்மா மெதுவாக.

"வாய மூடு" என்றார் அப்பா. ஆனால் அன்று முதல் பின்கதவுக்குக் குறுக்கே இரும்புக் கடப்பாரையைப் போட்டுத்தான் படுத்தார்.

அதிலிருந்து தினமும் அது நடந்தது. விடியும் நேரத்தில் டின் தொட்டியில் முங்கும் சத்தம் கேட்கும். பிறகு மண்ணில் தண்ணீர் விழும் சத்தம். பெரியவர்கள் இரண்டு பேர் கண்ணைத் திறந்துகொண்டு பாயில் படுத்திருப்பார்கள். யாரும் கதவைத் திறக்கவில்லை. தோட்டம் அந்த வருஷம் போல ஒரு வருஷமும் காய்த்ததில்லை. தக்காளி பழுத்து மண்ணில் உதிர்ந்தது. மிளகாய் சிவந்து செடியிலேயே காய்ந்தது. யாரும் பறிக்கவில்லை. ஆனால் தினமும் ஒன்றிரண்டு வெள்ளரிப் பிஞ்சு குறைந்துகொண்டிருந்தது. நான் எண்ணி வைத்திருந்தேன். எண்ணுவதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

ஜன்னலில் சித்தியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"எனுக்கும் சத்தம் கேக்குதுடா. அந்தாளு நட அது. பின்பக்கமாவே போவாரில்ல, ஒரு காலு தேய்ச்சுக்கினு." செம்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "உங்கப்பா ஒரு காயிதம் எட்த்தாந்தாரே, அதுல இன்னா எழுதியிருக்குது? நீ படிச்சியா?" என்றார்.

எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்பா கைநாட்டு வைத்துவிட்டு மடித்துக் கொண்டுவந்து மாடத்தில் செருகியிருந்தார். எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆண், வயது சுமார் முப்பது, உயரம் ஐந்தடி எட்டு அங்குலம்.

"அது எம்மாந் நீளம்?" என்றார் சித்தி.

மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனேன். சுவரில் தரையிலிருந்து ஐந்து ஸ்கேல் வைத்து, மேலே எட்டு அங்குலம் அளந்து, முக்காலியில் ஏறிக் கரியால் ஒரு கோடு போட்டேன். சித்தி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றார். கோடு அவர் தலைக்கு மேல் ஒரு சாண் இருந்தது.

"அவுரு என்னவிட ரெண்டு வெரலுதான்டா ஒசரம்" என்றார். "இன்னொரு வாட்டி அள."

மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் அதே இடத்தில்தான் வந்தது.

அம்மா மூலமாக விஷயம் அப்பாவுக்குப் போனது. அவர் வந்து அறை வாசலில் நின்று கோட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாமா, இது அவுரு இல்லீங்க" என்றார் சித்தி உள்ளேயிருந்து.

"தண்ணில ஊறின ஒடம்பு நீளும்மா" என்றார் அப்பா. பிறகு என் பக்கம் திரும்பி, "நாலெழுத்து படிச்சிட்டா பொணம் அளக்க வந்துடுவியாடா?" என்று என் கையிலிருந்த ஸ்கேலைப் பிடுங்கிக்கொண்டார்.

உடம்பு நீளுமா, நீளாதா என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. அப்பா சொன்னால் நீளும். அன்றைக்கு வகுப்பு வாத்தியார் யாரையாவது போய்க் கேட்டிருக்கலாம். லீவு விட்டிருந்தார்கள்.

பதினான்காம் நாள் கோயில் பூசாரி வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். பாத்திக்குள் கால் வைக்கவில்லை.

"வெச்ச செடிய வுட்டுட்டுப் போவ மனசு வரல அவனுக்கு" என்றார். "பசியா வேற கீறான். கருமாதிக்கு மொத நாளு காலைல, அவன் தோட்டத்துல பறிச்சதயே வெச்சு சோறு குடுத்து அனுப்புங்க. உப்பு மட்டும் போட்றாதீங்க. செத்தவங்க உப்ப தொடமாட்டாங்க. தப்பித்தவறி வாயில பட்டுதுன்னா ருசி கண்டுக்கினு வூட்டோடயே ஒட்டிக்குவான். சின்னப் பையன் கையால செஞ்சி, சின்னப் பையனே கொண்டுபோய் வெக்கட்டும். வெச்சிட்டு திரும்பிப் பாக்கக் கூடாது."

சின்னப் பையன் என்றால் வீட்டில் நான்தான்.

சாயங்காலம் சந்தில் நின்றபோது சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டார். ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்து மூடினார். உள்ளே கல் உப்பு.

"கேளுடா தங்கம். நாளைக்கு நசுக்குல இத போடு. யாருக்கும் சொல்லாத. செத்தவங்க உப்ப தொடமாட்டாங்கன்னு பூசாரியே சொல்லிட்டுப் போனாரில்ல? உப்பு போட்டு வெச்சும் எலை காலியாச்சுன்னா, உன் சித்தப்பா உசுரோட கீறாருன்னு அர்த்தம். உங்கப்பா ஸ்கேல நம்பல. இத நம்பித்தான் ஆவணும். நாளைக்கு வுட்டா எனுக்கு வேற நாளு இல்லடா. மறுநாளு கழுத்துல கை வெச்சிருவாங்க."

சரி என்றேன். போடுவேன் என்று சத்தியம் செய்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அம்மா என்னை எழுப்பியபோது கிழக்கே கொஞ்சம் வெளுத்திருந்தது. அம்மா கதவோரம் நின்றுகொண்டார். நான் தனியாகப் பாத்திக்குள் போனேன். பதினைந்து நாளாக யாரும் தொடாத தக்காளி என் விரல் பட்டதுமே கையோடு வந்தது. வெங்காயத்தைப் பிடுங்கினால் இலகுவாக வந்தது, யாரோ அடியிலிருந்து தள்ளிவிட்டது போல. மண் குளிர்ந்திருந்தது. மாங்காய் ஒன்று எட்டும் உயரத்தில் தொங்கியது. எல்லாம் என்னைப் பறித்துக்கொள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. அப்படிக் கைக்கு வாகாக ஒரு தோட்டத்தை நான் பிறகு பார்க்கவில்லை.

உரலில் போட்டு நான்கு இடி இடித்தேன். டிராயர் பையில் பொட்டலம் இருந்தது. எடுத்துப் பிரித்தும்விட்டேன். அப்போதுதான் பூசாரி சொன்னது நினைவுக்கு வந்தது. ருசி கண்டு வீட்டோடு ஒட்டிக்கொள்வான். நான் படுப்பது பின்கதவை ஒட்டி. கதவுக்கு அந்தப் பக்கம் தினமும் கேட்கிற அந்தச் சத்தம் நாளை முதல் இந்தப் பக்கம் கேட்டால்? முகம் பார்க்கிற மாதிரி இல்லை என்று அப்பா சொன்ன முகம் எனக்குத் தெரிந்தது. சித்தப்பா என்ற ஆள் எனக்கு மறந்தே போனார்.

உப்பை வாய்க்காலில் கொட்டினேன்.

வாழை இலையில் கெட்டிக் கூழை உருண்டையாக வைத்து, பக்கத்தில் நசுக்கை வைத்து, கிணற்றடிக் கல்லின்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தேன். அம்மா கதவைச் சாத்திக் கடப்பாரையைப் போட்டார். மூன்று பேரும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

சற்று நேரத்தில் டின் தொட்டியில் முங்கியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரு பாத்தி, இரண்டு பாத்தி. திடீரென்று நின்றது. பிறகு எதுவும் இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன். நாற்பதோ ஐம்பதோ எண்ணியிருப்பேன். யாரோ காறித் துப்பும் சத்தம். படல் முனகியது. அவ்வளவுதான்.

வெயில் ஏறிய பிறகு என்னைத்தான் அனுப்பினார்கள். வைத்த கை பார்க்க வேண்டுமாம்.

இலையில் கூழ் உருண்டையின் ஓரத்தில் ஒரு கவளம் குறைந்திருந்தது. விரல் தோண்டிய மூன்று பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. நசுக்கிலும் ஒரு விரல் வழித்த தடம். கல்லுக்குப் பக்கத்தில், மண்ணில், மென்ற கூழும் தக்காளித் தோலும் கிடந்தன. மூன்றாவது பாத்தியில் ஈரம் பாதியில் நின்றிருந்தது. டின் கிளையில் இல்லை. தரையில் நிமிர்ந்து நின்றது, காலியாக. அடியிலிருந்து தண்ணீர் வடிந்து சுற்றிலும் சேறாகியிருந்தது. அங்கிருந்து படல்வரை, காய்ந்த மண்ணில், வெறுங்காலின் தடங்கள். சின்னக் கால்கள். ஒரு கால் தேய்ந்த தடம்.

செத்தவருக்கு உப்பில்லாமல்தானே வேண்டும். பின் ஏன் துப்ப வேண்டும்? அந்தக் கேள்வி அப்போதே எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். உப்பில்லாத கூழை வாயில் வைத்ததும் அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கும். இந்த வீட்டில் இது யாருக்கு வைக்கிற சாப்பாடு என்று அவருக்குத் தெரியாதா? அப்பா மிதிக்காதே என்றது வாசலைத்தான். தோட்டத்தை இல்லை. அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு வந்து போய்க்கொண்டிருந்தவர்.

பின்னால் அம்மா சாணித் தண்ணீர் வாளியோடு வந்துவிட்டார். பூசாரி சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டு வீசி வீசித் தெளித்தார். தடமெல்லாம் போயிற்று. இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டார்.

சந்தில் போய் நின்றேன். சித்தி ஏற்கெனவே ஜன்னலில் இருந்தார்.

"எலை?"

"அப்பிடியே கீது சித்தி. ஒரு வாய்தான் கொறஞ்சிருக்குது. துப்பியிருக்குது."

சித்தி கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "உப்பு போட்டியா?"

"போட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார், ஏதோ கணக்கு சரியாக வந்துவிட்டது போல. உள்ளே போய் உட்கார்ந்தார். மறுநாள் தாலி கழற்ற வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அழவில்லை. கழுத்தை நீட்டினார்.

அதற்குப் பிறகு பாத்திகள் நனையவில்லை. ஒரு வாரத்தில் தோட்டம் காய்ந்து சருகானது. "பாத்தியா, பசியாறி நிம்மதியா போய்ட்டாரு" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னார். பூசாரிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு, வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிற ஒருவர் அப்பாவிடம் வந்து, ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலையில் உங்க தம்பி ஜாடையில் ஒரு குள்ளமான ஆளைப் பார்த்தேன் என்றார். அப்பா எழுந்திருக்கவே இல்லை.

"நாம கருமாதி பண்ணிட்ட ஆளு வந்தா வூட்ல எங்கய்யா உக்கார வெப்பேன்?" என்றார்.

அந்த ஆலைக்கு நான் போய்ப் பார்த்தேன். அப்படி ஓர் ஆள் இருந்தார், போய்விட்டார் என்றார்கள்.

சித்தி இப்போது திருநாவலூரில் அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். ஐம்பது வயது ஆகிவிட்டது. அவருக்குப் படிக்கத் தெரியாது. உங்களில் யாராவது அந்தப் பக்கம் இருக்கலாம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் இதை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றலாம். தயவுசெய்து வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறுகிறேன். உப்பு போட்டியா என்று அவர் என்னைத்தான் கேட்டார்.